செம்பருத்திக்குத் தாய் தேடுகிறவர்

இலையைக் கிள்ளும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார். உறையில் போட்டு மூடிய பிறகுதான் விடுகிறார். "நம்ம எச்சில் பட்டுச்சுன்னா, செடிய விட்டுட்டு என் பரம்பரையப் படிச்சு வச்சிரும் மெஷின்!"

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் இலையக்கா. குடுவை கழுவும் எனக்கும் அப்படித்தான். வீட்டு ஃப்ரிட்ஜில் பாலுக்கு இடமில்லாமல் இலை உறைகளை அடுக்கியிருப்பதாகக் கேள்வி. அது உண்மைதான் போலிருக்கிறது. கணவரிடம் போனில் அடிக்கடி அலறுவார்: "ஏங்க, அந்தப் பொட்டலத்தத் தொடாதீங்க! அது கீரை இல்ல!"

தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் ஓர் அடுக்குச் செம்பருத்திக்கு எந்தக் காட்டுச்செடி தாய் என்று தேடுவதே அவர் வேலை. இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்துக்குள் தனியாக ஒரு மரபு வரிசை உண்டாம். செம்பருத்தியில் அது தாய்வழி மட்டுமே வருமாம். அதை எழுத்தெழுத்தாகப் படித்து, மலையில் பூக்கும் மஞ்சள் செம்பருத்திதான் தாய் என்று கட்டுரை எழுதிவிட்டார்.

அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை சரிபார்க்க, வாசல் தொட்டியில் நிற்கும் அடுக்குச் செம்பருத்தியில் புது இலை எடுத்தார். விடை மாறி வந்தது. தாய், வேலிதோறும் நிற்கும் சிவப்புச் செம்பருத்தி!

"அக்கா, இத்தன வருஷமா தப்பான வீட்ல சம்பந்தம் பேசியிருக்கீங்க போல" என்றார் கணினியில் வரிசைகளை ஒப்பிடுபவர்.

இலையக்கா சிரிக்கவில்லை. "எழுதினதத் திரும்ப வாங்கிடலாம். பொய்யத் தொட்டியில வச்சு அழகு பாக்க முடியுமா?" என்றார். 

மறுநாள் காலை தொட்டியின் முன் மண்டியிட்டார். இலை கிள்ளிய கிளையை விரலால் அடிவரை தடவிக்கொண்டே போனார். தண்டில் முடிச்சு மாதிரி ஒரு புடைப்பு. கிளை அதற்கும் கீழேயிருந்து முளைத்திருந்தது.

"அடக் கடவுளே, இது ஒட்டுச்செடி!"

சிவப்புச் செம்பருத்தியின் அடித்தண்டில்தான் அடுக்குச் செம்பருத்தியை ஒட்டியிருந்தார்கள். இலைகளில் பெரிய வித்தியாசம் தெரியாது. கிள்ளியது அடிச்செடியின் துளிரை.

"கீழ்வீட்டுக் கதவத் தட்டிட்டு, மாடிவீட்டுக்காரி ஏமாத்திட்டான்னு அழுதிருக்கேனே!"

புடைப்புக்கு மேலிருந்து மறுபடி இலை எடுத்தார். அந்த விடை வரும்வரை யாரும் அவரிடம் வேடிக்கை பேசவில்லை.

"பழைய சம்பந்தமே உறுதிக்கா. மலைவீடுதான்!" என்றார் கணினிக்காரர்.

 இலையக்கா கத்தரிக்கோலுடன் வெளியே போய், குட்டையைக் குழப்பிய அந்தக் கீழ்க்கிளையை வெட்டினார். குப்பைக்கூடையை நான் நீட்டினேன். தலையசைத்து விலக்கினார். காலித் தொட்டியொன்றில் மண் நிரப்பிக் கிளையை நட்டு, சுற்றிலும் இரண்டு கட்டைவிரல்களாலும் மெதுவாக அழுத்திவிட்டார்.