கட்டிலுக்கு அடியில் இருந்த அரிசி

அந்தக் கட்டிடத்தில் அவளுக்குக் 'குடோன்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி, படிக்கட்டில் அது செல்லுபடியாகவில்லை. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே, "என்ன குடோன் அக்கா, வேலைக்குக் கிளம்பியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிலிண்டர் கொண்டுவரும் ஆள் வழி தெரியாமல் நின்றால் அவளே ஜன்னல் வழியாக, "ரெண்டாவது மாடி, குடோன் வீடு" என்று குரல் கொடுக்கும் அளவுக்கு அந்தப் பெயர் அவள்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கல்யாணமாவதற்கு முன்பிருந்தே அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து வரும் துணிகளைப் பிரிப்பது, பெரிய இயந்திரங்களில் போடுவது, ஆவி பறக்கப் பறக்கப் போர்வைகளை மடித்து அடுக்குவது. ஊரில் ஏதாவது நடக்கப்போகிறது என்றால் செய்தி வாசிப்பவருக்கு முன்னால் அந்தக் கூடைகளுக்குத் தெரிந்துவிடும். ரத்தக்கறைத் துணி வழக்கத்தைவிட அதிகமாக வந்தால் அன்று மாலையே கடைக்குப் போய்விடுவாள். அரிசி, பருப்பு, சர்க்கரை, உப்பு, பால்பவுடர் என்று பை கனக்க வாங்கிவருவாள்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு அவள் ஒன்றும் சொல்வதில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஊரில் ஒரு கலவரம் வந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. பஸ் ஓட்டும் கணவர் வண்டியோடு எங்கோ மாட்டிக்கொண்டார். வீட்டில் அரிசிப்பானையைக் கவிழ்த்துத் தட்டியும் ஒன்றும் விழாத நாளில் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்போது குடியிருந்த தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை. ஒரு வீட்டில் விளக்கைக்கூட அணைத்தார்கள். அந்தக் கதவுகளை அவள் மறக்கவில்லை.

டிரைவருக்கு அதே கலவரத்தில் வேறு பாடம் கிடைத்திருந்தது. அவருடைய பஸ் நின்ற ஊரில் முன்பின் தெரியாதவர்கள் பயணிகளை எல்லாம் வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். ஊர் அடங்கியதும் ஒரு சுற்றுப் பெருத்து வீடு வந்து சேர்ந்தவர் அன்றிலிருந்து, "மனுஷன்னா குடுக்கணும்" என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லட்டும், அதில் தப்பில்லை. கொடுப்பதற்கு முதலில் யாராவது வாங்கிவைக்க வேண்டும் என்பது மட்டும் அவர் தலையில் ஏறவே இல்லை.

வாங்கிவைத்தவள் அவள். பேக்கரியிலிருந்து காலியான தகர டின்களை வாங்கிவந்து கழுவிக் காயவைப்பாள். அரிசியை மொட்டைமாடியில் வெயிலில் பரப்பி, சூடு முழுக்க ஆறவிட்டு, இரண்டு காய்ந்த மிளகாயோடு டின்னில் கொட்டுவாள். மூடியைச் சுற்றி மெழுகுவத்தியை உருக்கி விட்டு, அதன்மேல் அகல டேப் ஒட்டுவாள். அன்றாடம் எடுத்துப் புழங்குவதற்கான டின்கள் பரணில் இருந்தன. கட்டிலுக்கு அடியில் சுவரை ஒட்டி இருந்தவை வேறு. ஊரே முடங்கினால் மட்டும் உடைக்க வேண்டியவை. வாரம் ஒரு தடவை அவற்றை இழுத்துத் தூசி துடைத்து, கையால் கனம் பார்த்துவிட்டு, திரும்பத் தள்ளிவைப்பாள்.

"இதெல்லாம் வச்சுக்கிட்டு என்னதாம்மா பண்ணப்போற?" என்று மகள் சிரிப்பாள். "நாங்க எலி வளர்க்கல, எலிக்கு விடுதி நடத்துறோம்" என்று டிரைவர் படிக்கட்டில் நின்று சொல்ல, கட்டிடமே சிரிக்கும். கொடுத்துக் கொடுத்தே நல்ல பெயர் வாங்கியவர் அவர். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் மனைவி முதல் மேல்மாடி டியூஷன் டீச்சர் வரை எல்லோரும் அவரை, "அண்ணன் மாதிரி மனசு யாருக்கு வரும்" என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டு அவளைப் பார்க்கும் பார்வையில் ஒரு இரக்கம் இருக்கும். அந்த இரக்கம் அவளுக்காக இல்லை, அவளிடம் மாட்டிக்கொண்ட டிரைவருக்காக. அது அவளுக்கும் புரியும். புரிந்து என்ன செய்வது, வேலைக்கு நேரமாகிவிடும்.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம் மறுபடியும் கலவரம் வெடித்தது. பிள்ளை பிறந்து, பச்சை உடம்பு வீட்டில் இருக்கும்போது ஊரடங்கு போட்டார்கள். இரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள் என்றார்கள். எடுக்கவில்லை. கடை திறக்கவில்லை, லாரி வரவில்லை. பரண் டின்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அவள் பதறவில்லை. பால் கொடுக்கும் பெண்ணுக்கு வயிறு நிறையப் போட கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்ற தைரியம்.

அன்று காலை எலக்ட்ரீஷியன் மனைவியும் கீழ்வீட்டுத் தையல்காரரும் வந்து வாசலில் நின்றார்கள். இருவர் கையிலும் பாத்திரம்.

"அண்ணே, நேத்தோட அரிசி முடிஞ்சுபோச்சு" என்றாள் எலக்ட்ரீஷியன் மனைவி. "வீட்டுல வேற ஒண்ணுமில்ல. உங்க வீட்டுல இருக்கும்ல?"

"எங்கேம்மா இருக்கு" என்று டிரைவர் தரையைப் பார்த்தார். "எல்லாம் தீர்ந்துபோச்சு."

சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஆச்சரியம். இல்லை என்ற சொல்லை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. பெற்ற பெண் பசித்திருப்பாளே என்றுதான் மனுஷனுக்குக் கை இறுகிவிட்டது என்று நினைத்தாள். அவளுக்கோ தட்டிய கதவுகள் ஞாபகம் வந்தன. பாத்திரத்தோடு வந்து நிற்பவர்களை அப்படி அனுப்ப அவளால் முடியாது.

"எப்படித் தீரும்?" என்று வெளியே வந்தாள். "உள்ள வாங்க. ஆளுக்கு ஒரு டின் தர்றேன். மிச்சத்தை வச்சு நாங்க பார்த்துக்குறோம்."

"வேண்டாம், விடு" என்றார் டிரைவர்.

"நீங்க சும்மா இருங்க. பாத்திரத்தோட வந்து நிக்கிறாங்க."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டின்னை இழுத்து, டேப்பைக் கிழித்து, கத்தி முனையால் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தாள். உள்ளே மணல்.

அடுத்த டின்னிலும் மணல். அதற்கடுத்ததிலும். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். சுவர் மூலையில், கட்டில் காலுக்குப் பின்னால் கை எளிதில் போகாத இடத்தில் ஒரே ஒரு டின்னில் மட்டும் அரிசி இருந்தது.

எலக்ட்ரீஷியன் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப அண்ணன் எங்களுக்கு அப்பப்ப குடுத்தது..."

"இதுதானா?" என்று முடித்தார் தையல்காரர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்களுக்கும் குடுத்தாரா?" என்று தையல்காரரிடம் கேட்டாள் அவள்.

"கேட்டப்பல்லாம் குடுப்பாருக்கா. வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க, அவ ஒரு மாதிரின்னு சொல்லுவாரு. அதான் நாங்களும்..."

அவ ஒரு மாதிரி. அவளுடைய அரிசியை வடித்துத் தின்ற வாய்கள்தான் இத்தனை வருஷமும் அவளைக் குடோன் என்று கூப்பிட்டிருக்கின்றன. அவள் கஞ்சத்தனம் தெரிந்ததால்தான் அண்ணனின் தாராளம் அவர்களுக்கு அத்தனை பெரிதாகப் பட்டிருக்கிறது. அவள் மூடியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிசிறில்லாமல் மெழுகு விட்டிருந்தார். டேப்பில் ஒரு சுருக்கம் இல்லை. குழாயை ஒழுங்காக மூடத் தெரியாத மனுஷன், குளித்த துண்டைக் கொடியில் போடத் தெரியாத மனுஷன், இந்த ஒரு வேலையை மட்டும் அவளைவிடச் சுத்தமாகச் செய்திருக்கிறார்.

"நான் என்ன வித்தா தின்னேன்?" என்றார் டிரைவர். "பசின்னு வந்தாங்க. குடுத்தேன்."

"குடுங்க. யாரு வேண்டாம்னா? மண்ணு எதுக்கு?"

"நீ திட்டுவ."

"திட்டியிருப்பேன். திட்டிட்டு அளந்து போட்டிருப்பேன். மறுநாள் கடைக்குப் போய் வாங்கியும் வச்சிருப்பேன். இப்ப உங்க பொண்ணுக்கு மண்ணையா வடிச்சுப் போட?"

மகள், "விடும்மா, எனக்குப் பசிக்கல" என்றாள். அந்தப் பொய்தான் அவளை உசுப்பிவிட்டது. அண்டாவைத் தூக்கிக் கணவர் கையில் வைத்தாள்.

"யார் யார் வீட்டுக்குக் குடுத்தீங்க?"

"எல்லா வீட்டுக்கும்தான்."

"அப்ப எல்லா வீட்டுலயும் போய்க் கேளுங்க. இருக்கிறதுல ஒரு பிடி போடட்டும்."

"நான் எப்படிப் போய்க் கேப்பேன்? குடுத்துப் பழகின கை."

"குடுத்தது என் கை. உங்களுது எடுத்த கை. கிளம்புங்க."

மேல்மாடியிலிருந்து ஆரம்பித்தார். அவள் பின்னாலேயே போய்ப் படித்திருப்பத்தில் நின்றுகொண்டாள். டியூஷன் டீச்சர் சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"டீச்சர், வீட்டுல கொஞ்சம் கஷ்டம். அவதான் கேட்டுட்டு வரச் சொன்னா..."

"நான் கேக்கச் சொன்னது அது இல்ல" என்றாள் அவள் கீழே இருந்து. "நடந்ததைச் சொல்லுங்க."

டிரைவர் அண்டாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நான் உங்களுக்குக் குடுத்தது அவ சேர்த்து வச்ச அரிசி. அவளுக்குத் தெரியாம எடுத்துட்டேன். இப்ப வீட்டுல இல்ல."

"உங்க கைக்காசு போட்டு வாங்கினதுன்னு சொன்னீங்களேண்ணே" என்றாள் டீச்சர்.

இது அவளுக்கே புதுச் செய்தி. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்கழுத்து மட்டும் சிவந்தது.

"இல்ல டீச்சர். அவ சம்பளத்துல வாங்கினது."

சங்கிலி கழன்றது. டீச்சர் வெளியே வந்து முதலில் எட்டிப் பார்த்தது அவளைத்தான். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்ககிட்டயே வந்து கேட்டிருப்போமே" என்றாள்.

"கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். டீச்சர் உள்ளே போய் ஒரு டம்ளர் அரிசியும் கொஞ்சம் பருப்பும் கொண்டுவந்து அண்டாவில் போட்டாள்.

அடுத்த வீட்டில் டிரைவர் மறுபடியும் "அவ சொல்லி" என்று இழுத்தார். அவள் தொண்டையைச் செருமினாள். அவர் திருத்திக்கொண்டார். ஒரு வீட்டில் ரஸ்க் பாக்கெட் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் சர்க்கரை. எலக்ட்ரீஷியன் மனைவி, தன் வீட்டில் ஒன்றுமில்லை என்றவள், பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அதைக் கையில் வாங்கியபோது அவளுக்கு வந்த கோபத்தில் நன்றி என்ற வார்த்தை வாய்வரை வந்து திரும்பிப் போனது. "உன் பாத்திரத்தையும் கொண்டா. இன்னைக்கு என் அடுப்புலயே சேர்த்துப் பொங்குறேன்" என்று மட்டும் சொன்னாள்.

தரைத்தளம் மிச்சமிருக்கும்போது தொட்டிலில் குழந்தை அழுதது. அவள் மேலே போய் மூலை டின் அரிசியை எடுத்து உலை வைத்தாள். திறந்திருந்த வாசல் வழியாகக் கீழே நடப்பது கேட்டது. போன மாதம் குடிவந்த இளைஞனின் கதவை டிரைவர் தட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு நீங்க எதுவுமே குடுத்ததில்லையேண்ணே" என்றது அந்தப் பையனின் குரல்.

"குடுக்கல. கேக்கவும் வரல" என்றார் டிரைவர். "அந்த அரிசியெல்லாம் என் வீட்டுக்காரி வாங்கி வச்சது. நான் திருடிக் குடுத்துட்டு என்னுதுன்னு சொல்லிக்கிட்டேன். யாராவது வேற மாதிரி சொன்னா நம்பாதீங்க. அதுக்குத்தான் வந்தேன்."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. இறங்க இன்னும் நாளாகும். இறங்காமலே போனாலும் போகும். ஆனாலும் அளக்கும்போது அவருக்கும், வாசலில் பாத்திரம் வைத்துவிட்டுப் போன இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் அளந்தாள். பசித்தவரை வாசலோடு அனுப்பும் பழக்கம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவராவது அவளிடம் நேராக வந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.