பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பவர்

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்துப் பார்த்த பிறகுதான் முடிவிலி காலைத் தேநீரைத் தொடுவார். திரையில் ‘எண் அல்ல’ என்று விடை வர வேண்டும். நேற்று வந்தது, முந்தாநாள் வந்தது, இருபத்திரண்டு வருடமாக வந்துகொண்டிருக்கிறது. அதற்காக இன்றைக்கும் வரும் என்று நம்பிவிட முடியுமா என்ன?

முடிவிலி என்பது அலுவலகம் வைத்த பெயர். மற்ற நிரல்கள் கணக்குப் போட எடுத்தாளும், சி என்ற கணினி மொழியில் எழுதிய கணித நூலகத்தைச் சோதிப்பது அவர் உத்தியோகம். மற்றவர்கள் இரண்டும் இரண்டும் நாலு என்று வந்தால் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் கணக்கு முழி பிதுங்கி நிற்கும் இடங்களாகத் தேடிப் போவார்: எல்லையில்லாத பெரிய எண், கழித்தல் குறி போட்ட பூஜ்யம், எண்ணே அல்லாத எண். கடைசியில் சொன்னதுதான் செல்லப்பிள்ளை. அது எதைவிடவும் பெரிதில்லை, எதைவிடவும் சிறிதில்லை, தனக்குத்தானே சமமும் இல்லை. “அதுகிட்ட எதைக் கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லும். நாமதான் சரி, பிரச்சினை இல்லைன்னு எடுத்துக்கறோம்” என்பார், யாரும் கேட்காமலே.

வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? புதிய சமையலறைத் தராசில் ஒன்றும் வைக்காமல், கழித்தல் பூஜ்யம் காட்டுகிறதா என்று அரைமணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். “மாவை அளக்கச் சொன்னா தராசை அளக்கறார்” என்று மனைவி தன் தங்கையிடம் போனில் அலுத்துக்கொண்டார். ஒரு விண்ணப்பத்தில் ‘குழந்தைகள் எத்தனை’ என்ற கட்டத்தில் மைனஸ் ஒன்று போட்டுப் பார்த்ததும், இணையதளம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டதும் ஒரு வாரத்துக்கு அவர் பேச்சாக இருந்தது.

போன மாதம் அந்த நூலகம், பச்சிளங்குழந்தைகளை வைக்கும் வெப்பப்பெட்டிக்குள் போவதாக இருந்தது. சூடு கூடினாலும் குறைந்தாலும் மணியடிக்க வேண்டும். சூட்டை அளக்கும் வயர் கழன்றால் எண்ணுக்குப் பதில் ‘எண் அல்ல’ வரும். அதைப் பிடிக்கவென்றே முடிவிலி அடம்பிடித்து நிரலில் ஒரு காவல் வரி எழுத வைத்திருந்தார். சோதனையிலெல்லாம் அது தேறியது. மேலாளரோ, பெட்டிக்குப் போகும் பிரதிக்கு மட்டும், நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரில் வேகத்தைக் கூட்டும் அமைப்பைப் போட்டுவிட்டார். அதைப் போடுவது, ‘எண் அல்லாதது வரவே வராது’ என்று கம்பைலருக்குச் சத்தியம் செய்து கொடுப்பதற்குச் சமம். வராத திருடனுக்கு எதற்குக் காவல் என்று கம்பைலர் அந்த வரியையே துடைத்துப் போட்டது. வேகம் எட்டு சதவீதம் கூடியது. மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

வழக்கம்போல் யாரையும் நம்பாமல், பெட்டிக்குப் போகும் பிரதியையே வாங்கிச் சோதித்தபோதுதான் முடிவிலிக்கு இது தெரிந்தது. வயர் கழன்றபின் கேட்டால், சூடு அதிகமா? இல்லை. குறைவா? இல்லை. அப்படியானால் எல்லாம் நலம் என்று பெட்டி பச்சை விளக்கைக் காட்டும், உள்ளே குழந்தை வெந்துகொண்டிருந்தாலும். அன்று அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது. தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

மேலாளர் பதறவில்லை. பதறினால் அவர் மேலாளராகியே இருக்க மாட்டார். “வயர் கழலாதுன்னு பெட்டி செய்யறவங்க எழுதியே குடுத்திருக்காங்க சார்” என்றார்.

“அந்தக் காகிதத்தை வயர் படிச்சிருக்கா?”

மேலாளர் சிரித்தார். வருடாந்திர மதிப்பீடு அடுத்த வாரம்தான் என்பதை, சம்பந்தமே இல்லாதது போல நினைவூட்டினார்.

மறுநாள் காலை கூட்ட அறையில் மாதிரிப் பெட்டி தயாராக இருந்தது, பக்கத்தில் மேலாளரும். வாடிக்கையாளர்கள் வரப் பத்து நிமிடம். ஒப்புதல் தாளில் முடிவிலியின் பெயருக்கு எதிரே கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் பெட்டிக்குள் கைவிட்டு வயரைப் பிடுங்கினார். பச்சை விளக்கு தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. தாளில் தன் பெயரை அடித்தார், பக்கத்தில் மேலாளரின் பெயரை முழுதாக எழுதினார், பேனாவை அவரிடம் நீட்டினார்.