ஒரே சுவரைப் பார்த்துக் கும்பிட்டவர்கள்

என் மாமா உள்ளூர்த் தொலைக்காட்சியில் அழுததைச் சிதம்பரத்தில் கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறாதவர். துப்புரவு வேலைக்காக அம்மா ஒரு பாலைவன நாட்டு மருத்துவமனைக்குக் கிளம்பியபோது, குடும்ப மானம் போயிற்று என்று சொல்லிக் கடலூர் பேருந்து நிலையம் வரைகூட வரவில்லை. அங்கே போர் மூண்டு, ஆயுதக்காரர்கள் மருத்துவமனையைப் பிடித்து வேலைக்காரப் பெண்களை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்ததும், இஸ்திரி போட்ட சட்டையில் மைக் முன்னால் உட்கார்ந்து தங்கச்சி, தங்கச்சி என்று விம்மினார். அது யார் என்று பக்கத்திலிருந்த தோழி கேட்டாள். தெரியாது என்றேன்; சொன்னால் அம்மா பார்க்கும் வேலையும் தெரிந்துவிடும். அவரைக் காறித் துப்ப எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை.

மூன்று வாரம் கழித்து ஆயுதக்காரர்களே விடுவித்தார்கள். வீடு வந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். துணி வெளுக்கும் அறையில் அடைத்துவைத்து, காயம்பட்டவர்களின் ரத்தம் தோய்ந்த விரிப்புகளைத் துவைக்கச் சொன்னார்களாம். உள்ளே இருந்தவர்களில் தமிழ் பேசியவள் லால்பேட்டைக்காரி ஒருத்திதான். இரண்டு பிள்ளைகளின் தாய். தொழுகைக்குத் திசை எது என்று காவல்காரனிடம் சைகையால் கேட்டு அவள் தெரிந்துகொண்டாள்.

"இருந்தது ஒரு செவுரு. அவ அந்தப் பக்கம் நெத்திய வச்சா. நானும் அந்தப் பக்கமே தேவநாதான்னு கும்புட்டேன்" என்றாள் அம்மா.

ஒருநாள் இரண்டு பேர் வந்து, அறையிலேயே இளையவளை வெளியே கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவும் லால்பேட்டைக்காரியும் கதவை மறித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்தும் எழவில்லை. வந்தவர்கள் திட்டிக்கொண்டே போனார்களாம்.

அந்தத் தோள் வீக்கம் வற்றுவதற்குள் மாமா ஆப்பிள் பையோடு வந்தார். சிதம்பரத்தில் தெரிந்த லேடி டாக்டர் இருக்கிறார், வெளியே தெரியாமல் ஒரு செக்கப் பண்ணிவிடலாம், நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நாலு பேர் கேட்பார்கள் என்றார். என்னைத்தான் காட்டினார்.

அம்மா அவர் கையில் காபியைக் கொடுத்தாள்.

"அவனுங்ககிட்ட துப்பாக்கி இருந்துச்சு, பயந்தேன். ஒனக்கு நான் எதுக்குண்ணே பயப்படணும்?"

அவர் ஆப்பிளைக்கூட வைக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

லால்பேட்டையிலும் இதே செக்கப் பேச்சை எடுக்க, அந்தம்மாவின் புருஷனுடைய அண்ணன் ஒருவர் இருந்தார். இந்த ஜாதி ஆண்கள் எல்லா மதத்திலும் கிடைப்பார்கள்.

திருவந்திபுரம் தேவநாதர் கோயிலில் மொட்டை அடிப்பதாக அம்மா வேண்டியிருந்தாள். ஊர் தப்பாகப் பேசும், வேண்டாம் என்று மாமா ஆள் விட்டார். அம்மா குறித்த நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு லால்பேட்டைக்காரி சேத்தியாத்தோப்பில் பஸ் மாறி வந்து சேர்ந்தாள். அம்மா தரிசனம் முடித்து வரும்வரை எங்கள் செருப்புகளைக் காத்துக்கொண்டு கெடிலம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாள். சந்தனம் பூசிய தலையோடு அம்மா வெளியே வந்ததும், "வெயிலு ஜாஸ்திக்கா" என்று தன் வெள்ளைத் துப்பட்டியின் பாதியை அந்தத் தலைமேல் போர்த்தினாள். ஒரே துணிக்குள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.

எனக்கு மாமா பார்க்காத மாப்பிள்ளை அமைந்தார். அம்மா இப்போது கடலூரில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பெரிய ஆட்களிடம் பேசித் தங்கையை மீட்டுக் கொண்டுவந்த கதையை மாமா எதிர்வரிசையில் அளந்துகொண்டிருந்தார். நான் எழப்போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"வுடு. பேசினா பேசிட்டுப் போறாரு. நீ சாப்புடு."

அவள் மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை; வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.