மாப்பிள்ளை விசாரிக்க வந்தவள்

சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பெட்டி அடைக்கும் வேலை செல்லக்கனிக்கு. பக்கத்து வீட்டுச் சீனிவாசகத்தோடு அவளுக்குப் பேச்சு நின்று பல வருஷமாகிறது. இரண்டு வீடும் ஒரே கிறிஸ்தவ சபைதான். அவள் தங்கையைப் பெண் கேட்டு வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, "அதுக்கு வலிப்பு உண்டே" என்று வாய் கூசாமல் பொய் சொன்னவர் அவர். தங்கை இன்றுவரை கல்யாணமில்லாமல் செல்லக்கனியோடுதான் இருக்கிறாள்.

போன வருஷம் சீனிவாசகத்தின் மகன் தருண்குமாருக்கு விருதுநகரில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தாய் பொன்னுத்தங்கம் பையனைப் பற்றி விசாரிக்க நேரே செல்லக்கனி வீட்டுக்கு வந்தாள்.

"ஒளிக்காமச் சொல்லுங்கக்கா. ஒத்தப் பொட்டப்புள்ளையப் பெத்து வச்சிருக்கேன்."

தருண்குமார் குடித்துவிட்டுப் பெற்ற தாயையே அடிப்பதைச் சன்னல் வழியே பார்த்தவள் செல்லக்கனி. சொல்ல வாய் துடித்தது. அந்தத் துடிப்பில் ஒரு ருசி இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்லியிருக்கிறாரே. ஒருவனைக் குற்றவாளி என்று தீர்க்க நான் யார்?

"நல்ல பையன்தாம்மா. நம்பிக் குடுங்க" என்றாள்.

பொன்னுத்தங்கம் போனதும் தங்கை பிடித்துக்கொண்டாள். "பெரிய பரிசுத்தவாட்டி! ஒனக்குப் பாவம் ஒட்டக்கூடாதுன்னு ஒரு புள்ளையக் கெணத்துல தள்ளிட்டியே."

கோயிலில் இவர்கள் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த ஞாயிறுகளில், தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்டபோதெல்லாம் செல்லக்கனி தலையைக் குனிந்துகொண்டாள்.

மருமகளாக வந்த அனுப்பிரியாவின் அழுகை தீபாவளி சீசன் முடிவதற்குள் சுவர் தாண்டிக் கேட்டது. குற்றம் செய்தவனிடம் தனியே போய் உணர்த்து என்பதும் அதே வேதத்தில்தான் இருந்தது. அவள் படிக்காததில்லை. தனக்கு லேசானதை எடுத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

தருண்குமாரைத் தெருமுனையில் தனியாக நிறுத்தினாள். "ஏலே, கட்டுனவ மேல கை வைக்காதப்பா."

"எங்கய்யா மேல உள்ள காந்தல எங்கிட்டத் தீக்காதீக பெரியம்மா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

மறுநாள் அனுப்பிரியாவின் உதடு கிழிந்திருந்தது. செல்லக்கனி பொன்னுத்தங்கத்துக்குப் போன் போட்டாள்.

"புள்ளையக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

மறுமுனையில் பொன்னுத்தங்கம் சொன்னாள்:

"அவுகளுக்கும் ஒங்களுக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சுதாங்க்கா ஒங்ககிட்ட வந்தேன். ஆகாதவுக மறைக்கமாட்டாகன்னு நெனச்சேன். நீங்களே நல்லவன்னு சொன்னதும், வேற யாரையும் கேக்கல."

மத்தியானம் பொன்னுத்தங்கம் காரோடு வந்து மகளை ஏற்றிக்கொண்டாள். வாசலில் நின்ற செல்லக்கனியின் பக்கம் திரும்பவில்லை.