மதியம் இரண்டு மணி ரகசியம்

ஷார்ட்வேவில் பெயர் தெரியாத சத்தங்களைப் பிடித்து, எந்த நாடு, எவ்வளவு தூரம் என்று நோட்டில் எழுதி வைப்பது என் பைத்தியம். ஒரு வாரமாக மதியம் இரண்டு மணியானால் டிரான்சிஸ்டர் விட்டுவிட்டு உறுமியது. உளவுக்காரர்களேதான்! ‘ரஷ்யா’ என்று எழுதியே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சத்தமே இல்லை.

“உளவுக்காரனுக்கு இன்னா லீவு?” என்று எரிந்து விழுந்தேன்.

“இன்னிக்கு சுரங்கத்துக் கேஜும்தான் ஓடலீங்க,” என்றாள் மனைவி, அரிசி களைந்துகொண்டே.

எனக்குப் பொறி தட்டியது. மறுநாள் ஷிப்ட் மாறும் இரண்டு மணிக்கு டிரான்சிஸ்டரோடு வாசலுக்கு ஓடினேன். எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கேஜின் சக்கரம் ஷாப்ட் கோபுரத்தின் உச்சியில் சுழன்றது, டிரான்சிஸ்டரில் உறுமல். நின்றது, அமைதி. அதை இழுக்கும் மின்சார மோட்டார்தான் என் ரஷ்யா! கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவிக்கொண்டே நோட்டை எடுத்துத் திருத்தினேன்.

நாடு: மாரிகுப்பம். தூரம்: கூப்பிடு தூரம்.