வெட்டிய வயிறு மறுபடி முளைக்குமா?

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களில், கல்முனையில் எங்கள் சொந்தத்துக்குள் நடந்த ஒரு கல்யாண வீட்டில்தான் இது தொடங்கியது. நாலு பேருக்கு முன்னால் கதைக்கவே கூச்சப்படுகிற ஆள் நான். அன்று வந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஏழெட்டு வருஷங்களுக்கு முன்பு கொழும்பில் எனக்கு வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதற்கு முன் என் உடம்பு இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, முழங்கால் வலி, பத்தடி நடந்தால் இளைப்பு. கதிரையில் உட்கார்ந்துதான் தொழுவேன். வயிற்றில் பெரும் பகுதியை வெட்டி எடுத்த பிறகு உடம்பு மளமளவென்று வற்றியது. ஒரு நாள் லுஹர் தொழுகைக்குக் கதிரையைத் தள்ளி வைத்துவிட்டு நிலத்தில் ஸுஜூது செய்தேன். நெற்றி பாயில் பட்டதும் எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்து அழுதேன். அந்தச் சத்திரசிகிச்சையால் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் அதுதான்.

பிறகு நிறை மெல்லத் திரும்பி வந்தது. எனக்கே தெரியாமல் வந்தது என்றால் நம்புவீர்களோ என்னவோ. நாங்கள் போடும் அபாயாவுக்கு இடுப்பும் இல்லை, அளவும் இல்லை. வீட்டிலும் தொளதொளவென்ற உடுப்புத்தான். உடுப்பு இறுகினால்தானே உடம்பு கூடியது தெரியும்! முழங்கால்தான் முதலில் சொன்னது. ஸுஜூதிலிருந்து எழும்ப அலுமாரியைப் பிடிக்க வேண்டி வந்தது. மகள் காணக்கூடாது என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொழத் தொடங்கினேன். கொழும்புக்குப் போய்க் காட்டுவதையும் "இப்ப சுகம்தானே" என்று எப்போதோ விட்டிருந்தேன்.

அந்தக் கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, ஐந்தாறு பேர் அதைச் சுற்றி நிலத்தில் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அடுத்தவருக்கு நல்ல துண்டைத் தள்ளி வைப்பதுதான் அதில் மரியாதை. எனக்கோ வயிறு வெட்டிய நாளிலிருந்து இறைச்சி இலகுவில் இறங்காது, நெஞ்சில் நிற்கும். என் பக்கம் வந்த கோழித் துண்டுகளையெல்லாம் மற்றவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, குழம்பில் ஊறிய சோற்றில் நாலு பிடி எடுத்தேன். கடைசியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த இனிப்பு வட்டலப்பம் வந்தது. அது வழுக்கிக்கொண்டு இறங்கும்.

"நீங்க ஒண்டும் தின்னல்லயே ராத்தா" என்று பக்கத்தில் இருந்தவள் தன் பங்கையும் என் பக்கம் நகர்த்தினாள். அதையும் சாப்பிட்டேன்.

எழும்பப் பார்த்தால் முடியவில்லை. காலை மடித்துப் பார்த்தேன், கையை ஊன்றிப் பார்த்தேன். கை கழுவப் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். இரண்டு பெண்கள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். என் புருஷனின் தங்கச்சி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிற ஆள். அவள் விடவில்லை.

"என்ன மச்சி, கொழும்புல வெட்டின வயிறு மறுகா முளைச்சிட்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வெட்டிய வாழை முளைக்கிறது, வெட்டிய நகம் முளைக்கிறது. வயிறும் அப்படி முளைக்குமோ? முளைத்திருந்தால் மறுபடி வெட்டுவார்களோ? இந்த வயதில் அதைத் தாங்குவேனா? வெட்டாமல் விட்டால் கதிரை, அதற்கும் பிறகு கட்டில்தானோ? யாரிடம் கேட்பது? அந்தச் சத்திரசிகிச்சைக்காகப் பிள்ளைகள் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிட்டேன் என்ற வெட்கம் வேறு. ஆகவே சோற்றை இன்னும் குறைத்தேன். காலையில் கஞ்சி, நினைத்த நேரம் தேத்தண்ணி, அதில் தோய்த்த ரஸ்க், அவ்வளவுதான். நிறை இறங்கவே இல்லை. முளைத்துத்தான் விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் அஸர் தொழுகையில் ஸுஜூதுக்குப் போனவளால் எழும்பவே முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தேன். மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏன் உம்மா எனக்கிட்டச் சொல்லல்ல?"

"வெக்கமா இரிந்திச்சி மகள்."

அவள் ஏசவில்லை. அடுத்த கிழமையே எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் நிறை கூடியவர்களுக்கு நடக்கும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே தராசு எல்லோரும் உட்கார்ந்திருக்கிற வாங்குக்கு நேர் முன்னால் இருந்தது. ஆள் ஏறி நிற்க, ஒரு தாதி நிறையைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர் எழுதுகிறார். மகள் பதிவுத் துண்டு போடப் போன நேரம் பார்த்து மெல்ல எழும்பினேன்.

பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள். நெற்றியில் பொட்டு, நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊர் காரைதீவு என்று பிறகு சொன்னாள்.

"எங்க உம்மா போறீங்க?"

"கொஞ்சம் காத்துப் பட்டிட்டு வாறன்."

"வெளிய காத்து இல்ல உம்மா, ஓட்டோதான் நிக்குது. அந்தக் காத்து வாங்கப் போய் நானும் ரெண்டு தரம் வீட்ட போய்ச் சேந்தவள்தான். இரிங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தேன். அவளுக்கும் இதே சத்திரசிகிச்சைதான். "வெட்டினது, குறைஞ்சது, மறுகா ஏறிட்டு" என்று மீன் விலை சொல்வது போலச் சொன்னாள். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். இறைச்சி இறங்காது, கஞ்சி, தேத்தண்ணி, ரஸ்க் என்றேன். சீனி போட்டா என்றாள். ஓம் என்றேன்.

"அட, இறைச்சி இறங்கல்ல எண்டு இதுகளா? நான் ஐஸ்கிறீம் உம்மா! வயித்துக்குள்ள வந்ததே தெரியாம வழுக்கிட்டுப் போயிடும். உடம்புக்கு மட்டும் தெரிஞ்சிடும்."

அவளிடம்தான் எனக்குத் துணிவு வந்தது. காதோடு கேட்டேன், வெட்டிய வயிறு முளைக்குமா என்று. அவள் சிரிக்கவில்லை.

"தெரியா உம்மா. எனக்கும் அந்தப் பயம் இரிக்கு. நீங்கதானே முதல் போறீங்க, டொக்டர்ட்டக் கேட்டிட்டு எனக்கும் வந்து சொல்லுங்க."

அதற்குப் பிறகு எப்படி ஓடுவது? தராசில் ஏறினேன். தாதி சொன்ன எண் காதில் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவரவருக்கு அவரவர் எண்.

உள்ளே இருந்த இளவயது டொக்டர் என் கேள்வியைக் கேட்டுவிட்டு, வயிறு முளைக்காது, கொஞ்சம் இழுபட்டிருக்கலாம் என்றார். மெத்தென்ற இனிப்புச் சாமான்கள் தங்காமல் இறங்கிவிடும், பசியும் உடனே வந்துவிடும், மீனும் முட்டையும்தான் வயிற்றில் தங்கும் என்று விளங்கப்படுத்தினார். சில உடம்பு தானாகவே பழைய நிறைக்குத் திரும்பப் பார்க்குமாம், பலருக்கு நடக்கிறதாம், என் குற்றம் மட்டும் இல்லையாம். கத்தி வைக்க இப்போது தேவையில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் சீனி திரும்பியிருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் கண்ணையும் காலையும் பிடித்திருக்கும் என்றார்.

வெளியே வந்து "முளைக்காதாம்" என்றேன். "அப்ப நான் நிறை ஏறினதுக்கு வேற சாட்டுத்தான் தேடணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. பிறகு நான் அவளைக் காணவும் இல்லை.

இப்போது முதலில் மீனை மென்று சாப்பிடுகிறேன், பிறகுதான் சோறு. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. எதையும் கையால் பிடிக்காமல் கதிரையிலிருந்து எழும்பிப் பழகுகிறேன், மகள் பார்த்துக்கொண்டு நிற்பாள். நிறை கொஞ்சம் இறங்கியது, ஒரு மாதம் ஏறவும் செய்தது. அஸர் மட்டும் நிலத்தில் தொழுகிறேன், மற்ற வக்துத் தொழுகைகள் கதிரையில்தான். அதுவும் எந்த நாள் கையை விட்டுப் போகுமோ என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. கிளினிக் நாள் வந்தால் காலையிலேயே போகாமல் விட ஒரு சாட்டுத் தேடுகிறேன். என்றாலும் முகம் தெரியாத ஒருத்தி என் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காமல், "எனக்கும் வந்து சொல்லுங்க" என்றாளே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகிறேன்.