கன்யாங்கே ஒப்புக்கொண்ட குற்றம்

ஆப்பிரிக்கக் கண்டத்துக்கென்று ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து லீக் முதன்முதலாகத் தொடங்கிய அந்த மே மாதத்தில், கிகாலி அரங்கத்தைச் சுற்றியிருந்த சாலைகளைப் பெருக்கிய பெண்களில் கன்யாங்கேயும் ஒருத்தி. முந்தின வருடமே டாக்கரில் தொடங்கியிருக்க வேண்டிய போட்டி. கொரோனா வந்து எல்லாவற்றையும் குலைத்துப்போட்டது. கடைசியில் அத்தனை அணிகளையும் கிகாலிக்கே வரவழைத்து, ஓட்டலுக்குள் அடைத்து, ஓட்டலுக்கும் அரங்கத்துக்குமாக பஸ்ஸில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எகிப்துக்காரன் ஒருத்தன் இறங்கினான் பாரு," என்றாள் கூடப் பெருக்கும் ஹதீஜா அம்மா. "தலை வாசலுக்கு வந்துடுச்சு, காலு இன்னும் பஸ்ஸுக்குள்ள படியைத் தேடிக்கிட்டு இருக்கு."

"மெதுவாப் பேசு, கேட்கப்போவுது."

"அந்த உசரத்துக்கு நம்ம பேச்சு போய்ச் சேர நாளாகும்டி. சரி, உன் ஆளு யாரு? தினமும் அந்த பஸ்ஸையே முறைச்சுக்கிட்டு நிக்கறியே."

"நம்ம ஊர் அணியில ஒரு பையன். நல்லா ஆடறானாம்."

அந்தப் பையன் தன் சொந்த அண்ணன் மகன் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஹதீஜா அம்மா ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் நியாமிராம்போவிலிருந்து வருபவள். கன்யாங்கேயின் பழைய கதை அவள் காதுக்கு எட்டியதில்லை. அதனால்தான் கன்யாங்கே கொண்டுவரும் தேநீரை அவள் தயங்காமல் வாங்கிக் குடிப்பாள். கிகாலியில் அப்படிக் குடிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

கன்யாங்கே அண்டை நாட்டில், புஜும்புராவில் பிறந்தவள். அகதிகளின் பிள்ளை. அவள் அப்பா மூட்டை தூக்கும் வேலையில் இருந்தார். ஒரு நாள் மூட்டையோடு சரிந்து விழுந்தார், எழவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் இடுமருந்து வைத்துவிட்டான் என்று சொல்லி அவனைத் தெருவை விட்டே துரத்தினார்கள். தொண்ணூற்று நாலாம் வருடத்து இனக்கொலைகளுக்குப் பிறகு, அதுவரை கண்ணால் பார்த்திராத சொந்த நாட்டுக்கு அண்ணனும் தங்கையும் திரும்பி வந்தார்கள். அண்ணன் உவேராவைக் கட்டினான். கலிசா, ருகம்பா என்று இரண்டு பையன்கள். கன்யாங்கே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிகாலியின் ரெமேரா பகுதியில் பள்ளி மைதானத்துக்கு எதிரே ஒரு பால்கடை வைத்தாள். கொதிக்கக் கொதிக்கப் பால், கெட்டியாக உறைந்த தயிர்ப்பால், கூடக் கடித்துக்கொள்ள எண்ணெயில் பொரித்த மந்தாசி. ஆட்டம் முடிந்து வேர்வையோடு வரும் பையன்களால் கடை நிறைந்திருக்கும்.

யாருக்குக் குடிக்கக் கொடுத்தாலும், கொடுப்பவர் முதலில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கொடுப்பதுதான் முறை. இதில் ஒன்றுமில்லை, நம்பிக் குடி என்று அர்த்தம். கடைக்கு வரும் அந்நியருக்கு கன்யாங்கே அந்த முறை தவறியதே இல்லை. சொந்த ரத்தத்துக்கு எதற்கு அந்தச் சடங்கு?

பள்ளிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தன்று, இடைவேளையில் கலிசா ஓடிவந்தான். வாசலிலேயே கையை நீட்டி, அவள் ஊற்றிக்கொண்டிருந்த குவளையைப் பிடுங்கினான்.

"அட, பொறுடா, மூச்சு வாங்கிட்டுக் குடி."

"மூச்சு வாங்க நேரம் இல்ல அத்தே, நாங்க பாயிண்ட்ல பின்னாடி இருக்கோம்."

மூன்று மடக்கில் குடித்தான். அடியில் இருந்ததைக் கூட வந்த தம்பி ருகம்பா நக்கிக் காலி செய்தான். கலிசா மைதானத்துக்குத் திரும்பினான். கூடைக்கு அடியில் துள்ளி எழுந்தவன் தரைக்கு வரும்போதே உயிர் போயிருந்தது.

என்ன கேட்டிருக்க வேண்டும்? பதினேழு வயதுப் பையன் ஓடும்போது ஏன் செத்தான் என்று ஒரு மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்கவில்லை. கடைசியாக அவனுக்கு யார் என்ன கொடுத்தது என்றுதான் கேட்டார்கள். "அவ வாய் வச்சுக் கொடுத்தாளா?" என்று உவேரா கேட்டபோது, பார்த்தவர்கள் அத்தனை பேரும் இல்லை என்றார்கள். அது போதுமாக இருந்தது. ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் கண்ணை மூடி, வெள்ளையான ஏதோ ஒன்றை ஏந்தி நிற்கும் சொந்தக்காரப் பெண்ணொருத்தியைத் தரிசனத்தில் கண்டார். பால்கடைக்காரியைக் காண அவ்வளவு தெய்வீகப் பார்வை தேவையில்லை.

"சின்னவனும் அதே குவளையிலதானே குடிச்சான்? அவன் நிக்கறானே!" என்று கன்யாங்கே கத்தினாள். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும் கணக்கு. ஒருவரும் காதில் வாங்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மட்டும் வாயைத் திறந்திருந்தால் என்று அவள் பிறகு நினைக்காத நாள் இல்லை. அவன் திறக்கவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து, மேட்டில் ஏறும்போது அவனும் விழுந்து செத்தான். அதுவும் அவள் கணக்கில் ஏறியது.

கடை தானாகச் செத்தது. சாலை பெருக்கும் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். ஊர் அவளை விஷக்காரி என்றதைவிட மோசமான ஒன்று அவளுக்குள்ளேயே நடந்தது. அன்றைக்குப் பால்குடத்தைக் கழுவினேனா என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள். பல்லி விழுந்திருக்குமோ? நேற்றைய பாலோ? நூறு பேர் சேர்ந்து ஒரு பொய்யைச் சொன்னால், எதிர்த்து நிற்கும் ஒருத்திக்கே கால் தடுமாறிவிடும். நான்தான் கொன்றேனா, இல்லையா? விடை தெரியாமலேயே அவள் தலை நரைத்தது. கொரோனா வந்து ஊரே முகத்தை மூடிக்கொண்ட பிறகுதான், அடையாளம் தெரியாமல் ரெமேராவில் நடக்க முடிந்தது.

லீக்கின் முதல் ஆட்டத்தன்று ஹதீஜா அம்மாவின் ரேடியோவில் ஊர் அணியின் பெயர்களை வாசித்தார்கள். ருகம்பாவின் பெயர் வரவில்லை. கன்யாங்கே இன்னொரு முறை வாசிப்பார்களா என்று காத்திருந்தாள். ஆட்டம் தொடங்கிவிட்டது.

சில நாள் கழித்து, காலையில் பெருக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அத்தே."

அவள் நிமிரவில்லை. அந்தச் சொல் தனக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அத்தே, நான் ருகம்பா."

"மாஸ்க் போட்டிருக்கேன். எப்படிடா கண்டுபிடிச்சே?"

"பெருக்கறப்ப ஒரு கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கறே. அப்பா முற்றம் பெருக்கறப்பவும் அப்படித்தான்."

"நீ உள்ள இருக்கணுமேடா. இங்க ஏன் நிக்கறே?"

"எடுத்துட்டாங்க." நெடுநெடுவென்று வளர்ந்த பையன், அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "லீக்ல ஆடற எல்லாருக்கும் நெஞ்சுல ஸ்கேன் எடுத்தாங்க. என் இதயத்தோட சுவர் தடிச்சிருக்காம். ஓடறப்ப திடீர்னு நின்னுபோயிடுமாம். பரம்பரையா வர்றதாம். வீட்ல யாராவது திடீர்னு விழுந்து செத்திருக்காங்களான்னு டாக்டர் கேட்டார். அண்ணனைச் சொன்னேன். அப்பாவைச் சொன்னேன். தாத்தாவைச் சொன்னேன். அவர் எழுதறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தார்."

கன்யாங்கே துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

"உன் பால் இல்ல அத்தே. பால்ல ஒண்ணுமே இல்ல."

"அப்ப குடம்?"

"குடமும் இல்ல."

"அன்னிக்குக் கழுவினேனான்னு இன்னும் ஞாபகம் வரலடா."

"கழுவலேன்னாலும் அது இல்ல."

அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது வேறொன்று. கலிசாவுக்கு இதே ஸ்கேனை எடுத்திருந்தால்? அண்ணனுக்கு? அப்பாவுக்கு? மூன்று சாவுக்கும் குற்றவாளி தேடிய ஊர், ஒருவன் நெஞ்சிலாவது காதை வைத்துப் பார்த்திருந்தால்? உடனே இன்னொன்று உறைத்தது. அவள் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பற்றினாள்.

"உனக்கு?"

"மாத்திரை இருக்கு. தினமும் போடணும். ஆடக் கூடாது. எப்பவுமே."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நம்ப மாட்டேங்கறா. நீ வா அத்தே. ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். உன் கால்ல விழச் சொல்றேன் அவளை."

"காலெல்லாம் வேண்டாம்," என்றாள் அவள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நல்ல கிதெங்கே துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள்.

உவேரா கதவைத் திறந்து, அவளைப் பார்த்ததும் பாதி சாத்தினாள். ருகம்பா தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்தான். மேசைமேல் பாஸ்டர் மந்திரித்துக் கொடுத்த எண்ணெய்ப் புட்டி இருந்தது. பக்கத்தில் ருகம்பாவின் விளையாட்டுக் காலணிகள், துடைத்துப் பளபளவென்று.

"எதுக்கு இவளைக் கூட்டிட்டு வந்தே?"

"அம்மா, டாக்டர் சொன்னதை அத்தை முன்னாலயே சொல்றேன், கேளு."

"டாக்டருக்கு என்ன தெரியும்? இதயம் தடிச்சிருக்குன்னா, தடிக்க வச்சது யாரு?" உவேரா கன்யாங்கேயைப் பார்க்காமலேயே சொன்னாள். "ஒருத்தனை முழுங்கிட்டா. அவரை முழுங்கிட்டா. மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்."

"அண்ணி, இவனுக்கு நான் இத்தனை வருஷத்துல ஒரு வாய் தண்ணி கொடுத்ததில்ல."

"இதெல்லாம் காத்துல கூட வரும். பாஸ்டர் ஜெபம் பண்ணி எடுத்துட்டார். இவன் திரும்ப ஆடணும். ஆடாம ஒதுங்கினா நம்பிக்கை இல்லேன்னு அர்த்தம். நோய் அப்படியே தங்கிடும்னு சொன்னார்."

கன்யாங்கே ருகம்பாவின் பக்கம் திரும்பினாள். "எங்க ஆடறது? லீக்லதான் எடுத்துட்டாங்களே."

ருகம்பா கீழே பார்த்தான். "எல்லைக்கு அந்தப்பக்கம், கம்பாலால ஒரு கிளப் கூப்பிடுது அத்தே. அங்க ஸ்கேன் எல்லாம் கேக்க மாட்டாங்க."

"நீ போறியா?"

"டாக்டரும் தப்பாப் பார்த்திருக்கலாம் இல்ல?" இருபது வயதுக் குரல். ஆட வேண்டும் என்ற ஆசையைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. "அடுத்த வாரம் பஸ்."

அப்போதுதான் கன்யாங்கேக்கு விளங்கியது. இந்த வீட்டில் உண்மையைக் கேட்க ஆள் இல்லை. அம்மா ஸ்கேனை நம்ப மாட்டாள். மகன் நம்பியும் போவான். கம்பாலாவில் ஒரு நாள் கூடைக்கு அடியில் துள்ளுவான். அதற்கும் யாராவது ஒருத்தியின் பேரைச் சொல்வார்கள். இந்த வீடு கேட்டு நடுங்குகிற பேச்சு ஒன்றுதான் இருந்தது. அது அவள் கையில் இருந்தது.

"நான்தான் வச்சேன் அண்ணி," என்றாள்.

"அத்தே!"

"நீ சும்மா இரு. கலிசாவுக்குத்தான் வச்சேன். மிச்சத்தை இவன் குடிச்சுட்டான். கொஞ்சமா உள்ள போனதால அது இவன்கிட்ட தூங்குது. இவன் ஓடினா முழிச்சுக்கும். எண்ணெய்க்கு அடங்காது. அந்த டாக்டர் மாத்திரையை தினமும் போட்டாத்தான் தூக்கம் கலையாது. ஒரு நாள் விட்டாலும் நான் பொறுப்பில்ல."

உவேராவின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது நிம்மதி. இத்தனை காலம் தான் நினைத்தது சரிதான் என்ற நிம்மதி. பிறகு அவள் பாய்ந்து மகனைக் கட்டிக்கொண்டாள். காலணிகளைத் தூக்கி அடுப்பறைக்குள் எறிந்தாள். "நீ எங்கயும் போகக் கூடாதுடா! ஓடக் கூடாது! மாத்திரை எங்க, இப்பவே போடு!"

ருகம்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவன் அப்பா அன்று நின்றது போலவே.

தெருமுனை வரை பின்னாலேயே வந்து, "ஏன் அத்தே இப்படிப் பண்ணினே?" என்று கேட்டான்.

"உண்மையை நீ சொன்னே, அவ கேட்கல. பொய்யைச் சொன்னேன், மாத்திரை போட வைக்கறா."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், நீ செய்யலேன்னு."

"சொல்லு. அப்புறம் கம்பாலா பஸ்ல ஏறுவே. ஏற மாட்டேன்னு சொல்லு பார்ப்போம்."

அந்த வயதில் யாரால் சொல்ல முடியும்? அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

உவேரா போலீசுக்குப் போகவில்லை. போனால் இவள் கோபத்தில் அதை எழுப்பிவிடுவாள் என்று பயந்தாள். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. பாஸ்டர் தன் தரிசனம் பலித்ததை மேடையில் சொன்னார், கூட்டம் கைதட்டியது. கெய்ரோ அணி கோப்பையைத் தூக்கிய மறுநாள் காலை, சாலையெங்கும் கிழிந்த கொடிகள் கிடந்தன. ஹதீஜா அம்மா அன்று துடைப்பத்தைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னென்னவோ சொல்றாங்கடி உன்னைப் பத்தி," என்றாள். "நான் நம்பல. உன் கையால எத்தனை நாள் டீ குடிச்சிருக்கேன், கல்லு மாதிரி நிக்கறேன். நீ இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு. எவளாவது பேசினா நான் பார்த்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தை கன்யாங்கேயின் நாக்கு நுனியில் இருந்தது. ஹதீஜா அம்மாவிடம் சொன்னால் மதியத்துக்குள் சந்தைக்குப் போகும். சாயங்காலத்துக்குள் உவேராவின் வாசலுக்குப் போகும். வீட்டில் ஒரு பையன் எரிச்சலோடு மாத்திரை விழுங்கிக்கொண்டு, பஸ் நிலையத்தையே நினைத்துக்கொண்டு இருக்கிறான்.

"வச்சேன்," என்றாள் கன்யாங்கே.

ஹதீஜா அம்மா தன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்துப் பேசி, வேறு சாலைக்கு மாற்றிக்கொண்டு போனாள். அரங்கத்து வாசலிலிருந்து வளைவு வரை அன்று கன்யாங்கே ஒருத்தியாகவே பெருக்கினாள்.